ஷிப்ட் பஸ்ஸில் மணக்கும் சீனப் புதினா!

ராத்திரி ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் சாலைகளில் ஓடும் கம்பெனி பஸ்களுக்கென்று ஒரு வாசனை உண்டு. தலையில் வைத்த மல்லி, டிபன் பாக்ஸிலிருந்து கசியும் புளிக்குழம்பு, இரண்டையும் மீறிக்கொண்டு தைலம்.

யாராவது ஒருவர் பொட்டில் தேய்த்துக்கொண்டால் போதும், பஸ் முழுக்க மணக்கும். பின்சீட்டிலிருந்து ஒரு கை நீளும், 'அக்கா, எனக்குக் கொஞ்சம்' என்று குரல் வரும். அமிர்தாஞ்சன் டப்பாவாக இருக்கலாம். சிங்கப்பூரிலிருந்து வந்த சொந்தக்காரர் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் போன கோடாலித் தைலமாக இருக்கலாம். ஊர் மாறும், ஹாஸ்டல் மாறும், கம்பெனிகூட மாறும். கைப்பையின் சின்ன ஜிப்புக்குள் அந்த பாட்டில் மட்டும் இருக்கும்.

பாட்டிலைத் திருப்பி, பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைப் படித்தால் கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய், மெத்தில் சாலிசிலேட் என்று போகும். அநேகமாக எல்லாவற்றிலும் தவறாமல் இருக்கும் பெயர், மென்தால். நாட்டு மருந்துக் கடைக்காரர்கள் 'புதினா உப்பு' என்று சொல்வது இதைத்தான். ஊசி ஊசியாக, கண்ணாடித்துண்டு போலிருக்கும். புதினா உப்பு, ஓம உப்பு, கற்பூரம் மூன்றையும் ஒரு சீசாவில் போட்டு மூடி வைத்தால், தண்ணீர் ஒரு சொட்டு சேர்க்காமலே மூன்றும் உருகி எண்ணெய் ஆகிவிடும். வீட்டிலேயே தைலம் காய்ச்சுகிறவர்களுக்குத் தெரிந்த வித்தைதான்.

ஆனால், இந்தப் புதினா உப்பு பிரியாணிக்கு வாங்கும் புதினாக் கட்டிலிருந்து வருவதில்லை. நம் சந்தையில் பெரும்பாலும் கிடைப்பது வேறு இனம். அதன் வாசனைக்குக் காரணம் கார்வோன் என்ற எண்ணெய்ச்சத்து. மென்தால் அதில் சொற்பம். சட்னி அரைத்தால் மணக்கிறதே தவிர, நாக்கு 'ஜில்'லென்று ஆகாததற்கு இதுதான் காரணம். தைலத்துக்கான புதினா கிழக்கு ஆசியாவின் வயல்களில் வளர்ந்தது. சீன வைத்தியர்கள் 1,300 வருஷங்களுக்கும் மேலாக அதை மருந்துப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

சீன மொழியில் அதன் பெயர் 'போஹெ'. அதே இரண்டு சீன எழுத்துகளை ஜப்பானியர்கள் 'ஹக்கா' என்று வாசிக்கிறார்கள். கொரியர்கள் வாயில் அது 'பாக்ஹா'. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கார் தயாரிக்க ஆரம்பித்த கொரிய நிறுவனம், ஒரகடத்தில் பங்குதாரராக வந்த ஜப்பானிய நிறுவனம், செல்போன் தயாரிக்கும் தைவான் நிறுவனம் என்று இந்தத் தொழிற்பேட்டைகளில் வேலை பார்க்கும் வெளிநாட்டு இன்ஜினீயர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஆங்கிலம் தேட வேண்டும். புதினா என்றால் மட்டும் மூன்று பேரும் கிட்டத்தட்ட ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள்.

ரசத்துக்குக் கொத்தமல்லி மாதிரி!

தாங் வம்ச அரசு 659-ம் ஆண்டு தொகுக்கச் செய்த மருந்து நூலிலேயே போஹெ இடம்பெற்றுவிட்டது. பிற்பாடு 1596-ல் அச்சேறிய லீ ஷிஜென்னின் பெரும் மூலிகைத் தொகுப்பு, சூசோ ஊர்ப் புதினாதான் உசத்தி என்று ஊர் பெயர் சொல்லிச் சிபாரிசு செய்கிறது. நம் ஊரில் மணப்பாறை முறுக்கு, பண்ருட்டி பலா என்பதைப் போல.

சீன வைத்தியத்தில் இந்த இலைக்குக் காரமும் உண்டு, குளிர்ச்சியும் உண்டு. வெளியிலிருந்து 'காற்றும் வெப்பமும்' உடம்பில் புகுந்துவிட்டது என்று அவர்கள் சொல்லும் நிலைக்கு, அதாவது காய்ச்சல் ஆரம்பிக்கும் முதல் ஒன்றிரண்டு நாள், தொண்டை வலி, தலைவலி, கண் சிவப்பு ஆகியவற்றுக்கு இது முக்கிய மூலிகை. வேர்க்க வைத்து வெளியே தள்ளும் என்பது கணக்கு. 1798-ல் வூ ஜூதோங் எழுதிய காய்ச்சல் நூலில் வரும் 'யின் சியாவ் சான்' இதற்குப் பேர்போன கூட்டு மருந்து. அதில் ஹனிசக்கிள் மொட்டோடு போஹெவும் சேரும். இன்றும் சீன மருந்துக் கடைகளில் மாத்திரையாகவே கிடைக்கிறது.

இன்னொரு கூட்டு மருந்தின் பெயர் சுவாரஸ்யமானது. 'சியாவ் யாவ் சான்', அதாவது கவலையில்லாமல் உலாவ வைக்கும் பொடி! சோங் வம்ச காலத்து அரசு மருந்தகத் தொகுப்பில் உள்ளது. மனசுக்குள் அடக்கி அடக்கி வைத்து எரிச்சல், தலைவலி, மாதவிலக்குக் கோளாறு என்று வரும் பெண்களுக்குப் பெரும்பாலும் இதைக் கொடுப்பார்கள். இதிலும் போஹெ உண்டு. ஆனால், ஒரே ஒரு சிட்டிகை.

அந்தச் சிட்டிகைக் கணக்கில்தான் விஷயமே இருக்கிறது. சீன அரசின் மருந்து நூல் போஹெவுக்கு வைத்திருக்கும் அளவு 3 முதல் 6 கிராம் காய்ந்த இலை. மற்ற மூலிகைகளோடு சேர்த்துக் கொதிக்க விடக் கூடாது. கஷாயம் முடியும் தறுவாயில், கடைசி ஐந்து நிமிஷத்தில் போட வேண்டும். ரசம் நுரை கட்டியதும் கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டு, உடனே இறக்கி மூடி வைக்கிறோமே, அதே சூட்சுமம்தான். வாசனையாகப் பறந்துபோவதுதான் மருந்து. கொதித்தால் வீடு மணக்கும், கஷாயத்தில் ஒன்றும் மிஞ்சாது.

யாருக்குக் கூடாது என்ற பட்டியலும் அங்கே உண்டு. சும்மாவே அதிகம் வேர்ப்பவர்கள், உடல் தளர்ந்து களைத்தவர்கள் தள்ளி வைக்க வேண்டும். பால் கொடுக்கும் தாய்மார்கள் அதிகம் சாப்பிட்டால் பால் குறையும் என்றும் எச்சரிப்பார்கள். பன்னிரண்டு நாள் தொடர்ச்சியாக ராத்திரி ஷிப்ட் பார்த்து, சரியாகச் சாப்பிடாமல், வேர்த்து விறுவிறுத்து வரும் ஒரு பெண் அந்தக் காலத்துச் சீன வைத்தியர் முன்னால் போய் உட்கார்ந்தால், நாடி பார்த்துவிட்டு அவர் போஹெவை எடுக்காமலே விட்டிருக்கலாம். 'தூங்கு, சாப்பிடு' என்பதுதான் முதல் மருந்தாக இருந்திருக்கும்.

நம் நாட்டின் ஆயுஷ் மருத்துவ முறைகளில் சீன மூலிகை மருத்துவம் இல்லை. ஆகவே, இங்கே யாரும் போஹெ சீட்டு எழுதித் தரப்போவதில்லை. அந்த மூலிகையின் சத்து மட்டும், அளவும் இல்லாமல் ஆளும் பார்க்காமல், பாட்டிலில் அடைபட்டு நம் பைக்குள் வந்துவிட்டது.

சைனா, ஜப்பான், பாராபங்கி!

எப்படி வந்தது என்பது தனிக்கதை. சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போன இந்தப் புதினாவை, அங்கே ஹொக்கைடோ தீவின் கிதாமி வட்டாரத்தில் வயல் வயலாகப் போட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு உலகச் சந்தைக்குப் போன மென்தாலில் பெரும்பகுதி அந்த ஒரு வட்டாரத்துச் சரக்கு. போர் வந்தது, புதினாவுக்குப் பதில் உணவுப் பயிர் போடச் சொன்னார்கள். சந்தை பிரேசிலுக்கு நகர்ந்தது.

1950-களில் ஜப்பானியப் புதினா நாற்று இந்தியாவுக்கு வந்தது. லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர ஆய்வு நிறுவனம் நம் மண்ணுக்கேற்ற ரகங்களை உருவாக்கியது. 'கோசி' என்ற ரகம் சுமார் மூன்றே மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும். கோதுமை அறுத்த பிறகு நெல் நடுவதற்குள் சும்மா கிடக்கும் நிலத்தில் ஒரு பணப்பயிர் என்றால் விவசாயி விடுவாரா? உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி, ராம்பூர், பதாயூன் பக்கம் கோடையில் போனால் ஊருக்கு ஊர் தகரக் கொப்பரையில் புதினாத் தழையை ஆவியில் வேகவைத்து எண்ணெய் இறக்குவதைப் பார்க்கலாம். அந்த எண்ணெயில் 70 முதல் 80 சதவிகிதம் மென்தால். குளிர வைத்தால் ஊசி ஊசியாக உறைந்து நிற்கும்.

இன்று இயற்கை மென்தாலில் உலகத்துக்கே இந்தியாதான் முதலிடம். சீன வைத்தியத்தின் இலையிலிருந்து எடுத்த உப்பை, சீனாவே இப்போது நம்மிடம் வாங்குகிறது! ஜெர்மனியிலும் ஜப்பானிலும் ஆலைகளில் செயற்கையாகத் தயாராகும் மென்தால் போட்டிக்கு நிற்பதால், பாராபங்கி விவசாயிக்கு விலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரகடம் வட்டாரத்தில் வாடகை அறைகளில் தங்கி வேலை பார்க்கும் உத்தரப் பிரதேசத் தொழிலாளர்களிடம் 'மெந்தா' என்று சொல்லிப் பாருங்கள். பிரியாணி ஞாபகம் வராது, பலருக்கு வயல்தான் ஞாபகம் வரும்.

கோடாலித் தைலத்தைச் 'சீனாக்காரன் தைலம்' என்று சொல்வோரும் உண்டு. 1928-ல் சிங்கப்பூரில் அதை ஆரம்பித்த லியுங் யுன் சீ சீனர்தான். ஆனால், அந்தச் சூத்திரம் ஷ்மெய்ட்லர் என்ற ஜெர்மன் டாக்டரிடமிருந்து கிடைத்தது என்பதுதான் அந்த நிறுவனமே சொல்லும் வரலாறு. அமிர்தாஞ்சன் இன்னும் மூத்தது. 1893-ல் பம்பாயில் நாகேஸ்வர ராவ் ஆரம்பித்தது, பிறகுதான் மயிலாப்பூருக்கு வந்தது.

குளிர் என்பது ஒரு சேதி

சரி, பூசினால் ஜில்லென்று ஆகிறதே, அது எப்படி? இதற்கு விடை கண்டுபிடிக்க 2002 வரை ஆனது. நம் தோலின் நரம்பு முனைகளில் குளிரை உணரும் ஒரு வாசல் இருக்கிறது. டிஆர்பிஎம்8 என்று பெயர். சுமார் 26 டிகிரிக்குக் கீழே வெப்பம் இறங்கும்போது அந்த வாசல் திறந்து, 'குளிர்கிறது' என்று மூளைக்குச் சேதி போகும். மென்தால் அந்த வாசலைக் கள்ளச்சாவி போட்டுத் திறந்துவிடுகிறது. டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவரின் ஆய்வுக்கூடங்களும் இதைத் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. வெப்பம், குளிர், தொடுதல் ஆகியவற்றை உடல் எப்படி உணர்கிறது என்ற ஆராய்ச்சிக்காக 2021-ல் இருவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது.

ஆக, தைலம் பூசிய நெற்றி குளிர்வதில்லை. குளிர்வதாகச் சேதி மட்டும் போகிறது. காய்ச்சலோடு படுத்திருக்கும் பிள்ளைக்குத் தைலம் தடவி, 'இப்ப பரவாயில்லம்மா, ஜில்லுனு இருக்கு' என்று அது சொன்னால், தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 102 இருந்தது 102-லேயே நிற்கும். மூக்கடைப்பும் அப்படியே. மென்தாலை முகர்ந்தவர்களின் மூக்கில் காற்றோட்டத்தை அளந்து பார்த்த ஆய்வுகளில் அடைப்பு குறையவில்லை. நன்றாக மூச்சு வருவதாக உணர்ந்தது மட்டும் நிஜம்.

உணர்வுதானே, அதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். அரைமணி நேரம் நிம்மதி தந்தால் அதுவும் லாபம்தான். மறுக்க வேண்டியதில்லை. தலையைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கினாற்போல வரும் தலைவலிக்கு, ஆல்கஹாலில் 10 சதவிகிதம் பெப்பர்மின்ட் எண்ணெய் கலந்து நெற்றியில் பூசிப் பார்த்த ஜெர்மன் ஆய்வு 1996-ல் வெளியானது. 1,000 மில்லிகிராம் பாராசிட்டமால் அளவுக்கு அது வலியைக் குறைத்தது. பொட்டில் தைலம் தேய்த்த பாட்டிகள் ஒன்றும் ஏமாந்துவிடவில்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், சேதியை நம்பி மூலத்தை மறக்கும்போது. மே மாத வெயிலில், தகரக் கூரையின் கீழே வேலை செய்கிறவர் கழுத்து, மார்பு, முதுகு என்று தாராளமாகப் பூசிக்கொண்டால் உடம்புக்குக் குழப்பம். குளிர் வந்துவிட்டது என்று நினைத்து, இருக்கிற வெப்பத்தையும் வெளியே விடாமல் பிடித்துவைக்கப் பார்க்கும். வெப்பத்தில் மயக்கம் வருகிறவருக்குத் தேவை நிழலும் தண்ணீரும் காற்றும். தைலம் இல்லை.

தினமும் தலைவலி என்றால்...

வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்ட்டில் திறந்தார்கள். விழுப்புரம், திருவண்ணாமலை, தர்மபுரி என்று எங்கெங்கிருந்தோ வந்து இந்த வட்டாரத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு அந்த ஒரு விடுதியே சாட்சி. இருபது வயதில் 'எனக்குத் தைலம் இல்லாம முடியாதுக்கா' என்று ஒரு பெண் சொன்னால், அதைப் பழக்கம் என்று சிரித்துவிட்டுப் போக முடியாது.

வாராவாரம் ஷிப்ட் மாறுவதால் தூக்கம் கெடுவது, காலை டிபனைத் தவிர்ப்பது, அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரே குடிக்காமல் இருப்பது, நுண்ணிய பாகங்களை மணிக்கணக்கில் உற்றுப் பார்ப்பது, கண்ணாடி போட வேண்டிய கண், ரத்தசோகை... காரணம் இதில் ஏதாவது ஒன்றாக இருக்கும், சில சமயம் நாலைந்தும் சேர்ந்திருக்கும். நம் பெண்களிடம் ரத்தசோகை எவ்வளவு சகஜம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஒரு சாதாரண ஹீமோகுளோபின் பரிசோதனையில் வெளிப்பட்டுவிடுகிற விஷயத்தை, தைலம் வருஷக்கணக்கில் மூடி வைத்துவிடும். தைலம் கேட்காமல் போனதும் மாத்திரைக்குத் தாவுவார்கள். மாதத்தில் பதினைந்து நாளுக்கு மேல் பாராசிட்டமால் போட்டுக்கொண்டே இருந்தால், அந்த மாத்திரையாலேயே தலைவலி வர ஆரம்பிக்கும். டாக்டர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு வியாதி இது.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் இல்லையா? அந்த அட்டையைப் பெட்டிக்குள் வைத்திருக்காமல், ஒரு விடுமுறை நாளில் போய் ரத்தமும் கண்ணும் ரத்த அழுத்தமும் பார்த்துவிடலாம். நாட்டு மருத்துவம்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு, தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. முறையாகப் படித்தவர்களிடம் காட்டலாம்.

எந்தத் தைலத்தையும் தொடாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய தலைவலிகளும் உண்டு. வாழ்நாளில் வராத மாதிரி திடீரென்று மண்டை பிளப்பது. காய்ச்சலோடு கழுத்து விறைப்பது. பார்வை மங்குவது, வாய் குழறுவது, ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது. கர்ப்பிணிக்குக் கடைசி மாதங்களில் விடாமல் தலை வலிப்பது.

பாப்பா மூக்கில் வேண்டவே வேண்டாம்!

இங்கே வேலை பார்க்கும் பல இளம் தாய்மார்களின் குழந்தைகள் ஊரில் பாட்டியிடம் வளர்கின்றன. சிங்கப்பூர் தைலம் ஒரு பாட்டில் அங்கேயும் போயிருக்கும். பேரனுக்குச் சளி என்றதும் பாட்டி செய்யும் முதல் காரியம் மூக்கடியில் ஒரு சொட்டு. போனில் சொல்லித் தடுக்க வேண்டியது இதைத்தான்.

கைக்குழந்தையின் மூக்குக்கு அருகே மென்தால் பட்டால், குரல்வளை திடீரென்று இறுகி, மூச்சே சில நொடி நின்றுபோகலாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மென்தால், கற்பூரம் கலந்த எதையும் மூக்கிலோ மார்பிலோ தடவ வேண்டாம். ஆவி பிடிக்க வைப்பதும் ஆபத்து. கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகளை டாக்டர்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

குடித்துவிட்டால் இன்னும் மோசம். கற்பூரம் உள்ளே போனால் சில நிமிஷங்களிலேயே வலிப்பு வரலாம். தைலங்களில் சேரும் மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினுக்கு அண்ணன். கலப்பில்லாமல் ஒரு டீஸ்பூன் என்றால் அது இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமம். பாட்டிலில் அது கலந்துதான் இருக்கிறது என்றாலும், குழந்தையின் எடைக்கு எவ்வளவு தாங்கும்? வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் பெரியவர்களும் இந்தத் தைலங்களைத் தினமும் மூட்டில் தேய்ப்பதாக இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

இவ்வளவும் பாட்டிலுக்குள் அடர்த்தியாக அடைத்த புதினாவுக்குத்தான். இலைப் புதினாவுக்கு இந்தப் பயமெல்லாம் இல்லை. ஷிப்ட் முடிந்து வந்து வயிறு 'திம்'மென்று இருந்தால், பத்துப் பன்னிரண்டு இலையைக் கழுவிக் கசக்கி டம்ளரில் போட்டு, கொதித்து இறக்கிய தண்ணீரை ஊற்றி, ஒரு தட்டால் ஐந்து நிமிஷம் மூடி வைத்துக் குடிக்கலாம். அடுப்பில் வைத்துக் கொதிக்க விட வேண்டாம், சீனக்காரர்கள் சொன்ன அதே காரணம்தான். ஹாஸ்டலில் அடுப்பு இல்லாவிட்டாலும் பிளாஸ்க் தண்ணீர் போதும். நெஞ்செரிச்சல் இருப்பவர்கள் மட்டும் இதைத் தவிர்த்துவிடலாம். புதினா, உணவுக்குழாயின் கீழ் வாசலைத் தளர்த்திவிடும் என்பதால் புளிப்பு இன்னும் மேலே ஏறும்.